எட்டு விநாடிக்கு முன்னால்

எங்கள் வீட்டில் ஏப்ரல் மாதத்திலும் கிறிஸ்துமஸ்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். நான் சன்னலைச் சாத்திவிட்டு, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பல்பொடி விளம்பரம் ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். 'தாத்தாவுக்கு எத்தனை பல்லு, தாடிக்குள்ளே எட்டிப் பாரு' என்று நாலு பெண்கள் மூக்கால் பாடுவார்கள். சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி கத்துவாள்.

"அந்தத் தாத்தாவ ஒரு நாளாவது தூங்க விடுங்களேன்!"

பழைய வானொலி நிலையங்களின் கிறிஸ்துமஸ் பதிவுகள்தான் என் சேகரிப்பு. வாழ்த்து விளம்பரங்கள், டயர் கம்பெனிக்காரன் கொடுத்த அரை நிமிடப் பாட்டு, தாத்தாவின் தொப்பியைத் தின்றுவிட்ட வாத்தைப் பற்றிய கோமாளிப் பாட்டு, ஆடு தும்மித் தும்மியே முழு மெட்டையும் முடிக்கிற ஒரு கண்றாவி. எல்லாம் ரீல் நாடாவில், கேசட்டில், கீறல் விழுந்த தட்டுகளில் இருக்கின்றன. என்னைப் போல இந்தப் பைத்தியம் பிடித்த ஏழு பேர் இருக்கிறோம். அவர்கள் என்னை 'ரீலு' என்பார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வயிற்றுப்பாட்டுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. முப்பத்திரண்டு வருடமாக இருட்டுக் கூண்டுக்குள் கிரீஸும் கையுமாகத் தொங்குகிறவன், பேயையும் பிசாசையும் நம்புகிற ஆள் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரிக்குக்கூட இது தெரியாது. நான் பாட்டுகளைத் தேடவில்லை. ஒரு கடிதத்தைத் தேடினேன்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. டிசம்பர் வந்தால் எங்கள் வானொலி நிலையத்தில் பத்து நாள் சாயங்காலம் 'தாத்தா தபால்' வரும். பிள்ளைகள் கடிதம் எழுத வேண்டும். கிறிஸ்துமஸ் தாத்தா குரலில் அறிவிப்பாளர் படிப்பார், பதில் சொல்வார். கேட்டது கிடைக்கும் என்றால் கைமணியை மூன்று தடவை அடிப்பார். கிடைக்காது என்றால் மணி இல்லை. அந்த மணியில் எங்கேயோ ஒரு விரிசல். முதல் இரண்டு அடி கணீரென்று இருக்கும், மூன்றாவது மட்டும் சளி பிடித்த மாதிரி அடைத்துக்கொள்ளும். தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் சட்டம். மணி அடித்துவிட்டால் நடந்தே தீரும்.

தம்பி என் பென்சில்களைக் கடிப்பான். புதுப் பென்சிலை அரை மணி நேரத்தில் கரும்பு மாதிரி ஆக்கிவிடுவான். அந்த வருடம் எனக்குத் தாங்க முடியாத கோபம். 'தாத்தா, என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். என் பென்சிலை எல்லாம் கடிக்கிறான். அவன் வேண்டாம்' என்று எழுதி, உறையை எச்சில் தொட்டு ஒட்டினேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னண்ணா கேட்ட?"

"சைக்கிள்."

"என்னைப் பின்னாடி உக்கார வெப்பியா?"

"ம்."

எங்கள் தெருக் கடிதங்கள் வாசிக்கப்பட வேண்டிய சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. தெரு முழுக்க இருட்டு. யாருமே அதைக் கேட்கவில்லை. ஜனவரி நாலாம் தேதி தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஏழாம் தேதி அவன் இல்லை.

மணி அடித்தாரா, அடிக்கவில்லையா? இதுதான் என் கேள்வி. நாற்பத்தொன்பது வருடமாக இது ஒன்றுதான். என் கடிதத்தைப் படிக்கவே இல்லை என்றால் நான் கேட்டது யாருக்கும் போய்ச் சேரவில்லை, காய்ச்சல் வெறும் காய்ச்சல். மணி அடித்திருந்தால் அவனை அனுப்பியது நான். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன் இதை நம்புவானா என்று நீங்கள் கேட்கலாம். வேலையில் இருக்கும்போது நம்ப மாட்டேன். வேலை முடிந்து கையைக் கழுவும்போது நம்புவேன்.

அவன் கடித்த பென்சில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. கேசட் நாடாவைச் சுற்ற அதைத்தான் வைத்திருக்கிறேன். சின்னச் சின்னப் பல் தடம் விரலில் உறுத்தும்.

'தாத்தா தபால்' பதிவுகள் கிடைப்பது குதிரைக்கொம்பு. நிலையத்தில் நாடாவுக்குப் பஞ்சம், ஒலிபரப்பானதும் அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவார்கள். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு முழு நிகழ்ச்சி. எங்கள் கூட்டத்தில் 'கீறல்' என்று ஒருவன் உண்டு, அவன் கொடுத்தது. எந்த வருடம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. வெளியூரில் யாரோ ஒரு நேயர் வீட்டில் பிடித்துவைத்த பதிவு. அதில் என் கடிதம் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. அதைப் போட்டால் கல்நெஞ்சுக்காரனும் கண்ணைத் துடைப்பான். கூட்டம் கூடும்போதெல்லாம் 'ரீலு, அந்தச் சின்னவன் கடிதத்தைப் போடு' என்பார்கள். நானும் பெருமையாகப் போடுவேன்.

"சின்னவன் ஒருத்தன். 'எனக்கு ஒண்ணும் வேணாம் தாத்தா. எங்க அண்ணன் கேட்டதைக் குடுங்க.' குடுத்தாச்சுடா கண்ணா!"

மூன்று தடவை மணி. கணீர், கணீர், அடைத்த மூன்றாவது.

ஒரே ஒரு குறை. அந்தத் துண்டு ஒரு பாதி மூச்சில் தொடங்கும். அறிவிப்பாளர் காற்றை இழுப்பதன் பின்பாதி மட்டும் கேட்கும், முன்பாதி இருக்காது. நிலையத்தில் அந்த இடத்தில் பிளேடு போட்டு எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு முதல் நாளே தெரியும். எதை வெட்டினார்கள் என்று யோசித்திருக்கிறேன். மண்டைக்கு எட்டவில்லை.

போன மாதம் ஒரு பல் மருத்துவமனைக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. நாலாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், கூண்டின் தலைமேல் உட்கார்ந்து வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். காலை பதினோரு மணி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. அழுகை நின்றது. பிறகு மணி அடித்தது. கணீர், கணீர், அடைத்த மூன்றாவது.

எண்ணெய்க் குப்பி கையிலிருந்து நழுவி அடிவரைக்கும் போய் விழுந்தது. அந்த இருட்டில், அத்தனை வருடம் கழித்து, அதே மணி. ஒன்பது வயதுப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அழுக்குச் சட்டையோடு நேரே உள்ளே போனேன். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பல் பிடுங்கிய பிள்ளைகள் அழாமல் இருக்க அந்த மணியை அடிக்கக் கொடுக்கிறாராம்.

"இது எங்க கிடைச்சது உங்களுக்கு?"

"எங்கப்பாவோடது. ஏன், லிஃப்டு வரைக்கும் கேட்டுச்சா?"

"ரேடியோ தாத்தா..."

அவர் சிரித்தார். "ஊருக்குத் தாத்தா, எனக்கு அப்பா. போன வருஷம்தான் போனார். அதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்களா நீங்க?"

என் பைத்தியத்தைச் சொன்னேன். கடிதத்தைச் சொல்லவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அலமாரிக்கு மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே ஒரே ஒரு ரீல்.

"நிகழ்ச்சியை முந்தின நாளே பேசிப் பதிஞ்சிடுவாங்க. மறுநாள் மேனேஜர் கேட்டுட்டு, இது வேணாம், அது வேணாம்னு வெட்டச் சொல்வாராம். புள்ளைங்க எழுதினதைக் குப்பையில போட மனசு வராம, வெட்டின துண்டையெல்லாம் அப்பா ஒட்டி வெச்சார். எடுத்துட்டுப் போங்க. எங்கிட்ட இதைப் போட மெஷின் ஏது?"

"அவர் கேப்பாரா இதை?"

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "முன்னாடியெல்லாம் கேப்பார். கடைசி வருஷம் தொடவே மாட்டேன்னுட்டார். ஒருநாள் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'முடியாதுன்னு நான் சொன்னதுக்கெல்லாம் யாரும்மா மணி அடிக்கிறது?'ன்னு கேட்டார். வயசாயிடுச்சில்ல, என்னென்னவோ பேசுவார்." பிறகு மணியையும் என் கையில் கொடுத்தார். "கைப்பிடி ஆடுது பாருங்க. நீங்க மெக்கானிக்தானே? சரி பண்ணி சனிக்கிழமைக்கு அப்புறம் குடுங்க."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். இது வெட்டி எறிந்த கடிதங்களின் ரீல். என் கடிதம் இதில் இருந்தால் அது காற்றிலே போகவே இல்லை என்று அர்த்தம். யாருக்கும் போய்ச் சேரவில்லை. நான் விடுதலை. சாப்பாடு இறங்கவில்லை.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஆட்டுத் தும்மல் ரீலு அறுந்துடுச்சா?" என்றாள் வீட்டுக்காரி.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரேன்" என்று எரிந்து விழுந்தேன். அவள் என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மதியம் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். நான் மணியின் கைப்பிடிக்குப் புது ஆணி அடித்து மேசைமேல் வைத்தேன். ரீலை மாட்டினேன்.

ஒரு பெண் அப்பா குடிக்கக் கூடாது என்று கேட்டிருந்தாள். ஒருவன் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தச் சொல்லியிருந்தான். ஒருத்திக்குச் செத்துப்போன பூனை திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் அந்தக் குரல் பொறுமையாக, 'அது என்னால ஆகாதும்மா' என்றது. மணி இல்லை. பதினோராவது துண்டு.

"'என் தம்பியைக் கூட்டிட்டுப் போயிடுங்க. என் பென்சிலை எல்லாம் கடிக்கிறான். அவன் வேணாம்.' அடப்பாவி! இல்லடா, இதை மட்டும் தாத்தா செய்ய மாட்டேன். தம்பி உங்கூடவே இருக்கட்டும். இருங்க இருங்க, இதே வீட்டு விலாசத்துல இன்னொரு கடிதம் இருக்கே, அம்மா கையெழுத்து மாதிரி தெரியுது..."

ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். பாதியில் வெட்டு. அடுத்த துண்டில் வேறு யாரோ ஒரு பிள்ளையின் கடிதம் தொடங்கியது. நான் மெஷினை நிறுத்தினேன்.

செய்ய மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். மணி அடிக்கவில்லை. தலையை மேசையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். நாற்பத்தொன்பது வருடம் நெஞ்சிலே கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. எழுந்து போய் டீ போட்டு, கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டுக் குடித்தேன். அந்த இரண்டாவது கடிதம் என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சேகரிக்கிறவன் எவனும் ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்த மாட்டான். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றி, மறுபடியும் போட்டேன்.

"...இதை மட்டும் தாத்தா செய்ய மாட்டேன். தம்பி உங்கூடவே இருக்கட்டும். இருங்க இருங்க..."

அந்தப் பேச்சுக்கு அடியில் வேறு ஒரு சத்தம் இருந்தது. ரொம்ப மெல்லிசாக, மூன்று வீடு தள்ளி யாரோ செய்கிற மாதிரி. கணீர், கணீர், அடைத்த மூன்றாவது.

இது பேய் இல்லை, நாடா சேகரிக்கிற நாங்கள் தினம் பார்க்கிறதுதான். நாடா ரீலில் சுருண்டு கிடக்கும்போது ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். நாங்கள் அதை 'நிழல்' என்போம். பின்னால் வரப்போகிற சத்தம், ஒரு சுற்று முன்னதாகவே பூனை நடக்கிற மாதிரி கேட்கும். அந்த நிலையத்தில் பெரிய ரீலை மெதுவாக ஓட்டுவார்கள், நாடா மிச்சம். ஒரு சுற்றுக்கு எட்டு விநாடி. முந்தின நாள் பதிந்து, ஒரு ராத்திரி முழுக்கச் சுருளில் கிடந்து, மறுநாள்தான் வெட்டினார்கள். நிழல் விழ அது போதும். ஆகவே என் கடிதத்துக்கு எட்டு விநாடிக்குப் பிறகு, வெட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு மணி அடித்திருக்கிறது.

அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாதது மாதிரி நடித்துக்கொண்டு எழுந்து போய், என் செல்லப் பதிவை அலமாரியிலிருந்து எடுத்தேன். இரண்டாவது மெஷினில் மாட்டினேன். தம்பி கடித்த பென்சிலால் இரண்டு நாடாவிலும் அடையாளம் போட்டு, ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்றை ஓட விட்டேன்.

"...இதே வீட்டு விலாசத்துல இன்னொரு கடிதம் இருக்கே, அம்மா கையெழுத்து மாதிரி தெரியுது..." முன்பாதி மூச்சும் பின்பாதி மூச்சும் சேர்ந்து முழு மூச்சானது. "சின்னவன் ஒருத்தன். 'எனக்கு ஒண்ணும் வேணாம் தாத்தா. எங்க அண்ணன் கேட்டதைக் குடுங்க.' குடுத்தாச்சுடா கண்ணா!"

மணி அடித்தது.

சைக்கிள் என்றுதானே அவனிடம் சொன்னேன். அம்மா பக்கத்தில் போய் நின்று, அண்ணனுக்குச் சைக்கிள் கிடைக்க வேண்டும் என்று இதை எழுதச் சொல்லியிருக்கிறான். தனக்கென்று ஒரு மிட்டாய்கூடக் கேட்கவில்லை. என் கடிதத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். அவன் கடிதம் காற்றில் போய்விட்டது. இதைத்தான் நான் பத்து வருடமாக ஊரைக் கூட்டி உட்கார வைத்து, பெருமையாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இரண்டாவது மெஷினை நிறுத்தினேன். முதல் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. மிச்சத் துண்டுகள் எல்லாம் தீர்ந்து, வெறும் நாடா. ஸ்பீக்கரில் உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும். வெயில் சன்னல் இடுக்கு வழியாக மேசைமேல், மணிமேல் விழுந்திருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, வாய்விட்டுச் சொன்னேன். எண்சாண் உடம்பு, நரைத்த தலை, சின்னப் பையன் குரலில் சொன்னேன்.

"தாத்தா, தம்பியத் திருப்பிக் குடுத்துடுங்க."

இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதற்கு அடியில், ரொம்ப மெல்லிசாக, மூன்று வீடு தள்ளி: கணீர், கணீர், அடைத்த மூன்றாவது.

வெறும் நாடா அது. அதில் ஒன்றும் இல்லை. நிழல்தான். நிழல் முன்னால் வரும், நிஜம் எட்டு விநாடி கழித்து வரும்.

ஒன்று, இரண்டு என்று என்னை அறியாமலே எண்ணத் தொடங்கினேன். மூன்றில் மணியைப் பார்த்தேன். அது பாட்டுக்கு நின்றிருந்தது. நாலில் வாசல் பக்கம் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையாக வருவானா, ஐம்பத்துநாலு வயதுக்காரனாக வருவானா, எந்த மாதிரி வருவான் என்று ஐந்தில் தோன்றியது. ஆறு. என்னிடம் வந்து என்ன கேட்பான்? சைக்கிள் எங்கே என்று கேட்பானா? ஏழில் பாய்ந்து மணியைத் தூக்கி, உள்ளே விரலை விட்டு, அதன் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எட்டு.

விரலுக்குள் நாக்கு ஒரு தடவை இழுத்தது. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கொஞ்சம் பலமாக, கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போகிற பிள்ளை இழுக்கிற மாதிரி. நான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன். பிறகு இழுப்பு நின்றுவிட்டது. நாடா தீர்ந்து அதன் வால் பட் பட்டென்று சுழன்றுகொண்டிருந்தது.

வீட்டுக்காரி ஐந்து மணிக்கு வந்தாள். அப்போதும் மணி என் மடியில்தான் இருந்தது.

"கையில என்ன இப்படிச் செவந்து கெடக்கு? யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல" என்றேன்.

கை நடுங்கியிருக்கும், அதைத்தான் இழுப்பு என்று நினைத்திருப்பேன் என்று இப்போது சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை மணியை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன சொல்லி என்ன? முதல் தடவை எனக்கு ஒன்பது வயது, என்ன கேட்கிறேன் என்று தெரியாது. இந்தத் தடவை தெரிந்தே, மணி அடிக்க விடாமல் பிடித்தேன். இரண்டாவது தடவையும் தம்பி வேண்டாம் என்றது நான்தான்.